நர்சிங் ஆய்வில் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி நோட்டோடு ஆய்வு வழிகாட்டியான என் மேசைக்கு வந்தால், முதல் பக்கத்தில் என்ன இருக்கும் என்று திறக்காமலே சொல்லிவிடலாம். ‘இன்ன ஊரில், இன்னாரிடையே, இன்ன நோய் பற்றிய அறிவில் திட்டமிட்ட கற்பித்தல் நிகழ்ச்சியின் பயனை மதிப்பிடும் ஆய்வு.’ ஊர், ஆள், நோய் மூன்றையும் மாற்றிவிட்டால் போன வருடத்துத் தலைப்பும் அதுதான். தலைப்பு தயார், கேள்விதான் இன்னும் பிறக்கவில்லை. பின்னால் வரும் பாதித் தவறுகளுக்கு வேர் இதுவே.

பெருமைக்காகச் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் பட்டம் வாங்கினேன். சர்க்கரை நோயாளிகள் அறுபது பேர். முதல் நாள் முன்தேர்வு, ஃபிளிப் சார்ட் வைத்து முக்கால் மணி நேரப் பாடம், ஏழாம் நாள் அதே தாளில் பின்தேர்வு. மதிப்பெண் ஏறியது. விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால் ஏறாமல் என்ன செய்யும்? பி மதிப்பு (தற்செயலாகவே இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.001-க்குக் கீழே என்று போட்டு, பைண்டிங் செய்து கொடுத்துவிட்டேன். வைவாவில் வெளித்தேர்வாளர் ஒன்றுதான் கேட்டார்: “இந்த அறுபது பேர்ல யாருக்காவது சுகர் குறைஞ்சுதாம்மா?” நான் அதை அளக்கவே இல்லை.

ஒரே குழுவை முன்னும் பின்னும் அளப்பதை நம் பாடப்புத்தகங்கள் ப்ரீ-எக்ஸ்பெரிமெண்டல், அதாவது முழுச் சோதனை ஆகாத பலவீனமான வகையில் வைக்கின்றன. மாணவிகள் அதற்குக் கூசாமல் ‘குவாசி’ (பாதிச் சோதனை) என்று ஒரு படி உயர்ந்த பெயர் போடுகிறார்கள். பெயர் போகட்டும். ஒப்பிட இன்னொரு குழு இல்லாதபோது, ஏறிய மதிப்பெண் பாடத்தால் ஏறியதா, கேள்வி பழகியதால் ஏறியதா, அதே வாரம் டிவியில் எதையாவது பார்த்ததாலா என்று பிரிக்கவே முடியாது. கட்டுப்பாட்டுக் குழு வைக்கிறேன் என்று ஒரே வார்டில் இடப்பக்கக் கட்டில்களுக்குப் பாடம், வலப்பக்கத்துக்கு இல்லை என்று பிரித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் பாடம் வலப்பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். பாலக்கோடு பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், அரூர் பக்கம் ஒன்று என்று இடத்தால் பிரித்தால் இந்தக் கசிவு குறையும்.

கேள்வியை எங்கே தேடுவது? கண்ணெதிரே இருப்பதைத் தாண்டிப் போய்த் தேடுவதுதான் தவறு. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. அதைத் தாண்டிய போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் காவிக்கறை தெரியும். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குழாயில் காவிரித் தண்ணீர் வரும் வீட்டில், சோறு வடிக்கவும் களி கிண்டவும் எந்தத் தண்ணீர் போகிறது? காவிரித் தண்ணீர் வராத நாளில் எது? சமுதாய நர்சிங் மாணவி வீடு வீடாகப் போய் அடுப்படியில் நின்று பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இது. அந்தக் காவிக்கறைப் பல்லோடு உட்கார்ந்திருக்கும் பெண்களிடமே வேறு எங்கோ யாரோ செய்த தலைப்பை எடுத்து அறிவுத் தேர்வு நடத்தும்போது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும்.

இன்னொன்று. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வந்த மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா? “மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?” என்று கேட்டால் வெள்ளை கோட்டைப் பார்த்து எல்லோரும் “ஆமாம்” என்றுதான் சொல்வார்கள். அந்த “ஆமாம்”களைக் கூட்டிச் சதவீதம் போடுவதில் பயனில்லை. போன முறை எத்தனை மாத்திரை கொடுத்தார்கள், இன்றைக்கு அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ண வேண்டும். என் மாணவி ஒருத்தி அப்படி எண்ணப் போன வீட்டில், பாட்டி ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். பிரிக்காத அட்டைகள் அடுக்கிக் கிடந்தன. “தலை சுத்துற அன்னிக்கு மட்டும் ஒண்ணு போட்டுக்குவேன் கண்ணு. தெனமும் போட்டா தீந்துபோயிடுமில்ல?” மாதாமாதம் தருவார்கள் என்பது பாட்டிக்குத் தெரியும், நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. எந்தக் கேள்வித்தாளிலும் இந்தப் பதிலுக்குக் கட்டம் கிடையாது.

கேள்வித்தாள் என்றதும் நினைவுக்கு வருகிறது: இரவல் கேள்வித்தாள். வெளி மாநிலத் தீசிஸ் ஒன்றிலிருந்து எடுத்த உணவுப் பழக்கப் பட்டியலில் ஓட்ஸ் இருந்தது, பிரெட் இருந்தது, கடல் மீன் இருந்தது. களி இல்லை. தர்மபுரியில் ராகிக் களி இல்லாத உணவுப் பட்டியலை வைத்து என்ன கண்டுபிடிப்பது? அதே தாளில் ‘வாரத்துக்கு எத்தனை நாள் உடற்பயிற்சி செய்கிறீர்கள்’ என்றும் ஒரு கேள்வி. காலையிலிருந்து களை வெட்டிவிட்டு வந்த அம்மா “அதெல்லாம் ஒண்ணும் பண்றதில்ல சாமி” என்றார். மாணவி ‘இல்லை’யில் டிக் அடித்தாள். அவருடைய வாழ்க்கை முறை ‘உடலுழைப்பற்றது’ என்று அட்டவணைக்குப் போயிற்று.

மொழியிலும் இதே வம்புதான். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் ஏராளம். தமிழில் அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே வாய்க்கு வந்தபடி மொழிபெயர்த்துக் கேட்டால் வீட்டுக்கு வீடு கேள்வி மாறும். முன்கூட்டியே மொழிபெயர்த்து, அதை வேறொருவரிடம் கொடுத்து மூல மொழிக்குத் திருப்பச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருவியின் நம்பகத்தன்மையை அந்த மொழித் தாளுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். மூலத் தாளுக்கு வந்த க்ரான்பாக் ஆல்ஃபாவை (நம்பகத்தன்மையைக் காட்டும் எண்) அப்படியே இங்கே காட்டுவது செல்லாது. பைலட் ஸ்டடியில் (சிறு முன்னோட்ட ஆய்வில்) பதில் சொன்னவர்களை முதன்மை ஆய்விலும் சேர்த்து எண்ணிக்கையை நிரப்பும் வழக்கமும் இருக்கிறது. அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை தேர்வு எழுதியவர்கள்.

ஒப்புதல் படிவத்தில் நாம் காட்டும் அவசரம் எனக்குப் பிடிக்காது. “இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா” என்பது ஒப்புதல் ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள்படி, படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். கூட வந்த வகுப்புத் தோழி அந்தச் சாட்சி அல்ல. பள்ளிப் பிள்ளைகள் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும்: 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் 18 வரை எழுத்தில். ஆய்வுக்குப் போகும்போது யூனிஃபார்மைக் கழற்றிவிட்டுப் போங்கள் என்றும் சொல்வேன். ஊசி போட வரும் அதே சிஸ்டர் கேட்கும்போது மாட்டேன் என்று எந்த நோயாளி சொல்லுவார்?

இது நமக்கே திரும்பும் இடம் ஒன்று உண்டு: செவிலியர்களின் பணிச்சுமை, மனஅழுத்தம், வேலைத் திருப்தி பற்றிய ஆய்வுகள். படிவங்களை நர்சிங் சூப்பரிண்டெண்ட் மேடம் மூலமாகக் கொடுத்து, அவர் மேசையிலேயே திரும்ப வாங்குகிறோம். மேலே பெயர் வேண்டாம் என்றுதான் போட்டிருக்கும். கீழே வயது, வார்டு, பணியனுபவம், நிரந்தரமா தொகுப்பூதியமா என்று கேட்டிருப்போம். நாலு பேர் வேலை பார்க்கும் வார்டில் இது யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? நிரந்தரம் ஆகுமா என்று காத்திருக்கும், எம்.ஆர்.பி. என்ற அரசுத் தேர்வு வாரியம் வழியாகத் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர் அங்கே ‘முழுத் திருப்தி’ என்றுதான் வட்டமிடுவார். நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தபோது அப்படி வட்டமிட்டேன். முந்தின இரவு, ஒற்றை ஆளாக வார்டு முழுவதையும் பார்த்துவிட்டு, காலையில் கண் எரிய எரிய அந்தப் படிவத்தை நிரப்பினேன். மூடிய உறை, பூட்டிய பெட்டி, வார்டு பெயர் கேட்காத தாள்: செலவு அதிகமில்லை.

எண்களைப் பற்றிச் சுருக்கமாக. அறுபது என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் “சீனியர் எடுத்தாங்க மேடம்” என்பதுதான் பதில். ஒரு விகிதத்தைக் கணிக்கும் ஆய்வில், விகிதம் ஏதும் தெரியாதபோது 50 சதவீதம் என்று வைத்தால், 95 சதவீத உறுதியோடு 5 சதவீதப் பிழைக்குள் நிற்க 385 பேர் வேண்டும். 10 சதவீதம் போதுமென்றால் 97. அடுத்தது, வயது, மதம், படிப்பு, வருமானம் என்று பத்து மாறிகளுக்குப் பத்து கை-ஸ்கொயர் (தொடர்பு உண்டா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) போடும் சடங்கு. உண்மையில் எதிலுமே தொடர்பில்லாவிட்டாலும், பத்தில் ஒன்றிலாவது பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்து நிற்க ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அப்படி வந்து நின்ற ‘மதம்’ என்ற மாறிக்கு விளக்கம் எழுதி இரண்டு பக்கம் நிரப்புவார்கள். புள்ளியியல் ஆலோசகரைத் தரவு சேர்க்கும் முன்பே பாருங்கள், பைண்டிங்குக்கு முந்தின வாரம் வேண்டாம்.

கடைசியாக, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து நிரப்பும் படிவங்கள். வழிகாட்டிக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். கையால் காற்றடித்து அளக்கும் பிபி கருவியில் அளவு இரண்டிரண்டாக ஏறும்; ஒழுங்காக அளந்தால் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்று ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்கும். 120/80, 130/90, 140/90 என்று வரிசையாக வந்தால், ஒன்று சரியாக அளக்கவில்லை, இல்லை அளக்கவே இல்லை. போன வருடம் ஒருத்தி கொண்டுவந்த நோட்டு மழையில் நனைந்து மை கலங்கியிருந்தது. 138/84, 126/78, நடுவில் ஒரு வரி: ‘7-ஆவது வீடு, ஆள் பூப்பறிக்கப் போயாச்சு, சாயங்காலம் வரணும்.’ அதற்கு நேரே வேறு மையில் 152/94. அறுபத்துமூன்று வீடு போயிருந்தாள், நாற்பத்தொன்பதுதான் கிடைத்திருந்தது. “மீதியை என்ன மேடம் பண்றது?” என்று கேட்டாள். நாற்பத்தொன்பது என்றே எழுதி, கிடைக்காத பதினாலு வீடு ஏன் கிடைக்கவில்லை என்பதையும் எழுதச் சொன்னேன்.