கோல்ஃப் சுற்றில் பந்தயம்: புதியவர்களுக்கு நான்கு ஆட்டங்கள்

சின்னதாக ஒரு பந்தயம் இருந்தால் போதும், மூன்றடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் தட்டிவிடும் 'பட்' கூட நெஞ்சைப் படபடக்க வைக்கும். புதிதாக வருபவர்கள் தயங்குவது கணக்கு புரியாததால்தான். தொகை எவ்வளவு என்பது உங்கள் விருப்பம். இங்கே பொதுவாக 'காசு' என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: ஹேண்டிகேப்பைப் பேசி முடியுங்கள்

ஹேண்டிகேப் என்பது ஆட்டக்காரரின் திறமையைக் காட்டும் எண்; எண் கூடினால் திறமை குறைவு, சலுகை அதிகம். முதல் டீயில் (ஆட்டம் தொடங்கும் இடம்) அடிப்பதற்கு முன்பே இது முடிந்துவிட வேண்டும். ஒருவரின் ஹேண்டிகேப் 18, மற்றவருடையது 10 என்றால் வித்தியாசம் 8. ஸ்கோர்கார்டில் ஒவ்வொரு ஹோலுக்கும் (டீயில் தொடங்கி குழியில் முடியும் ஒரு பகுதி) 1 முதல் 18 வரை ஸ்ட்ரோக் இண்டெக்ஸ், அதாவது கடினத்தின் வரிசை எண் இருக்கும்; 1 தான் மிகக் கடினம். அதில் 1 முதல் 8 வரை உள்ள ஹோல்களில் 18 ஹேண்டிகேப்காரருக்கு ஒரு அடி சலுகை. அங்கே அவர் 5 அடித்தால் 4 என்று எழுதுங்கள்.

படி 2: ஸ்டேபிள்ஃபோர்டில் தொடங்குங்கள்

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு ஹோலுக்கு நிர்ணயித்த அடிகள்தான் பார்; அதைவிட ஒன்று கூடினால் போகி, ஒன்று குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள். சலுகை போக, போகிக்கு 1 புள்ளி, பாருக்கு 2, பேர்டிக்கு 3, ஈகிளுக்கு 4. போகியைவிட மோசமானால் பூஜ்ஜியம். அப்போது பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஹோலுக்கு நடக்கலாம். ஒரு ஹோல் கெட்டதும் ஆட்டக்காரர் மனம் விட்டுவிடக் கூடாது என்றுதான் டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு இதை உருவாக்கினார். 1932-இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் இந்த முறையில் போட்டி நடந்தது. பந்தயம் எளிது: புள்ளி வித்தியாசத்துக்கு இவ்வளவு காசு, அவ்வளவுதான்.

படி 3: ஸ்கின்ஸ்

மூன்று நான்கு பேருக்குப் பொருத்தமானது. ஒவ்வொரு ஹோலும் ஒரு 'ஸ்கின்'. தனியாகக் குறைந்த அடியில் முடித்தவருக்கு அது சொந்தம். இரண்டு பேர் சமமானால் யாருக்கும் இல்லை, அடுத்த ஹோலுக்குப் போய்ச் சேரும். நான்கு பேர் ஹோலுக்கு ஒரு காசு வீதம் போட்டால் மொத்தம் 72 காசு. முதல் மூன்று ஹோலும் சமமாகி, நான்காவதில் ஒருவர் தனியாக ஜெயித்தால் 16 காசும் அவருக்கே. தான் போட்ட 4 போக லாபம் 12. மூன்று ஹோல் சொதப்பியவர் கூட ஒரே நல்ல அடியில் மீளலாம் என்பதால் எனக்கு இதன் மேல் தனிப் பிரியம். 18-வது ஹோலும் சமமானால் என்ன செய்வது என்பதை மட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். பிரித்துக்கொள்வது சுலபம்.

படி 4: நசாவு

நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள நசாவு கன்ட்ரி கிளப்பிலிருந்து வந்த பெயர். ஹோல் ஹோலாக யார் ஜெயிக்கிறார் என்று எண்ணும் மேட்ச் பிளே இது. ஆனால் பந்தயம் மூன்று: முதல் 9, கடைசி 9, மொத்தம் 18. தலா 10 காசு என்று வைத்துக்கொள்வோம். முதல் பாதியில் நீங்கள் 3 ஹோல் வித்தியாசத்தில் தோற்று, பின் பாதியில் 2 வித்தியாசத்தில் ஜெயித்தால், மொத்தத்தில் 1 ஹோல் தோல்வி. இரண்டு பந்தயம் போச்சு, ஒன்று வந்தது. கொடுக்க வேண்டியது 10 காசு.

இரண்டு ஹோல் பின்தங்கியவர் 'பிரஸ்' கேட்பது வழக்கம். அந்தப் பாதியில் மிச்சமுள்ள ஹோல்களுக்குப் புதிதாக இன்னொரு பந்தயம் தொடங்கும், பழையதும் தொடரும். பிரஸ் மேல் பிரஸ் ஏறினால் தொகை மளமளவென்று பெருகும். ஆரம்பத்தில் பாதிக்கு ஒரு பிரஸ் போதும் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பிங்கோ பாங்கோ போங்கோ

திறமையில் பெரிய வித்தியாசம் இருக்கிறதா? அப்படியானால் இது. ஹோலுக்கு மூன்று புள்ளி: முதலில் கிரீனை (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) எட்டுபவருக்கு ஒன்று, எல்லாரும் கிரீனில் ஏறியதும் கொடிக்கு மிக அருகில் இருப்பவருக்கு ஒன்று, முதலில் பந்தைக் குழியில் போடுபவருக்கு ஒன்று. குழியிலிருந்து தூரத்தில் இருப்பவரே முதலில் அடிக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வரிசை மாறினால் புள்ளியும் கை மாறிவிடும்.