நாலடி ரீஃப் டேங்க்: மீன் வாங்கறதுக்கு முன்னாடி வெயிலையும் கரண்டையும் கவனிங்க

கடல் மீன் தொட்டி போடணும்னு வர்றவங்க மொதல்ல கேக்குறது "நீமோ ஜோடி என்ன விலை?" தான். கொளத்தூர்ல நல்ல தண்ணி மீன் வாங்கி வளர்த்துட்டு அடுத்ததா இதுக்கு வருவாங்க, நானும் அப்படித்தான் வந்தேன். ஆனா சென்னைல ரீஃப் டேங்க், அதாவது பவளமும் மீனும் சேர்த்து வளர்க்குற கடல் தண்ணி தொட்டி, வெச்சு ஒரு கோடையை தாண்டுனவங்களை கேளுங்க, தண்ணியை குளிர வெக்கிற சில்லர், இன்வெர்ட்டர், தண்ணி சுத்தம் பண்ற ஆர்ஓ, கடைசியா தான் மீன்னு சொல்வாங்க. நானும் அந்த வரிசைலயே சொல்றேன்.

1. இடம்

4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம்னா சுமார் 450 லிட்டர். கண்ணாடி, கல்லு, ஸ்டாண்டு, கீழ ஸ்டாண்டுக்குள்ள இருக்குற சம்ப் (ஃபில்டர் தொட்டி) எல்லாம் சேர்த்தா 600 கிலோ சாதாரணமா தாண்டிடும். மாடி வீடுனா செவுத்தை ஒட்டி, பீம் எங்க போகுதுன்னு இன்ஜினியர்கிட்ட கேட்டுட்டு வைங்க. சின்னதா ஆரம்பிக்கலாமேன்னு தோணும், ஆனா சின்ன டேங்க்ல தண்ணி சீக்கிரம் சூடாகும், உப்பு சீக்கிரம் ஏறும், தப்பு பண்ணா திருத்த நேரமே கிடைக்காது. புதுசா வர்றவங்களுக்கு பெருசு தான் ஈசி, பர்ஸுக்கு மட்டும் தான் கஷ்டம்.

2. சூடு, கரண்ட்

தண்ணி 25, 26 டிகிரில நிக்கணும். 30ஐ தாண்டி ரெண்டு மூணு நாள் நின்னா பவளம் வெளுக்க ஆரம்பிச்சிடும், 2016ல மன்னார் வளைகுடால கடல்லயே வெளுத்துச்சு, நம்ம கண்ணாடி தொட்டி எம்மாத்திரம். ஃபேன் வெச்சா ஓரளவு இறங்கும்தான், ஆனா நம்ம ஊர் புழுக்கத்துல அது போதாது, அதனால சில்லர் கட்டாயம். அதை மூடுன கேபினெட்டுக்குள்ள வெக்காதீங்க, அது விடுற சூட்டை அதுவே திரும்ப இழுத்துக்கிட்டு நிக்காம ஓடும், கரண்ட் பில்லு தான் எகிறும்.

கரண்ட் போனா மீனு மொதல்ல மூச்சுக்கு தான் தவிக்கும். அதனால தண்ணியை அலையா கலக்குற வேவ்மேக்கர் ஒண்ணை மட்டும் இன்வெர்ட்டர்ல போட்டுருங்க, 20 வாட் கூட இழுக்காத சின்னது போதும். மே மாசம் ரொம்ப நேரம் கரண்ட் இல்லனா பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சு அதை மூடியோட சம்ப்ல மிதக்க விடுங்க.

இன்னொண்ணு, இது நான் பட்டது. ராத்திரி கரண்ட் போச்சு, சம்ப்ல இருந்து தண்ணியை மேல ஏத்துற ரிட்டர்ன் பம்ப் நின்னுச்சு, பைப்போட வாய் தண்ணிக்குள்ள ஆழமா இருந்ததால டேங்க் தண்ணி அதே பைப்புல திரும்பி கீழ இறங்க ஆரம்பிச்சிடுச்சு, சம்ப் நிரம்பி வழிஞ்சு ஹால் ஃபுல்லா உப்புத்தண்ணி, காலைல கீழ் வீட்டுக்காரர் அவர் சீலிங்கை காட்ட என்னைக் கூட்டிட்டு போனார். ரிட்டர்ன் பைப் வாயை தண்ணி மட்டத்துக்கு ஒரு இன்ச் கீழ மட்டும் வைங்க, மட்டம் இறங்குனதும் காத்து புகுந்து தானா நின்னுடும். செட்டப் பண்ண அன்னிக்கே வேணும்னு பிளக்கை புடுங்கி, தண்ணி எவ்ளோ இறங்குதுன்னு பாத்து, அதுக்கு இடம் விட்டு சம்ப்ல மார்க்கர்ல கோடு போடுங்க. எல்லா வயரும் பிளக்குக்கு கீழ ஒரு வளைவு தொங்கிட்டு மேல ஏறணும், சொட்டு தண்ணி ஸ்விட்ச்போர்டுக்கு போகாது. ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) இல்லாத லைன்ல இதை வெக்கவே வெக்காதீங்க.

3. தண்ணி

பீச்சுல இருந்து கேன்ல புடிச்சிட்டு வரலாமான்னு கேட்டா, வேணாம். கூவமும் அடையாறும் கலக்குற கரை அது, மழை சீசன்ல உப்பளவும் இறங்கிடும். ஆர்ஓ டிஐ யூனிட் (ஆர்ஓவுக்கு அப்புறம் மிச்ச உப்பையும் இழுத்துக்குற ரெசின் ஃபில்டரும் சேர்ந்தது) வாங்கி, டிடிஎஸ், அதாவது கரைஞ்சிருக்குற உப்போட அளவு, 0 வந்த தண்ணில ரீஃப் சால்ட் (கடல் தொட்டிக்கான உப்பு) கலக்குங்க. போர் தண்ணில ரெசின் சீக்கிரம் தீந்துடும், லாரி தண்ணியோ மெட்ரோ தண்ணியோ கிடைச்சா நல்லது. வேஸ்ட் தண்ணியை பக்கெட்ல புடிச்சு பாத்ரூம் கழுவுங்க.

லிட்டருக்கு 35 கிராம் கணக்குல, 450 லிட்டருக்கு 16 கிலோ கிட்ட சால்ட் ஆகும். தண்ணில உப்பை கொஞ்சம் கொஞ்சமா போடணும், உப்பு மேல தண்ணி ஊத்துனா கால்சியம் வெள்ளையா படிஞ்சிடும். பம்ப் போட்டு ஒரு நாள் ஓடட்டும். உப்பளவு பாக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு), அடர்த்தி கணக்குல 1.026 காட்டணும்.

4. கல்லு, அப்புறம் பொறுமை

டிரை ராக் (உயிர் எதுவும் இல்லாத காஞ்ச கல்லு) வாங்குங்க. நம்ம கடல்ல எடுத்த கல்பவளமோ லைவ் ராக்கோ (உயிரினம் ஒட்டுன கல்லு) யாராவது ரகசியமா காட்டுனா திரும்பிப் பாக்காதீங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல புலி இருக்குற அதே முதல் அட்டவணைல தான் கல்பவளமும் இருக்கு. சாஃப்ட் கோரல் வாங்குனாலும் பில்லும் இம்போர்ட் பேப்பரும் கேளுங்க.

கல்லு அடுக்குனதும் பாட்டில் பாக்டீரியா ஊத்தி, மார்க்கெட் இறால் ஒண்ணை உள்ள போடுங்க, ஆமா, அழுகட்டும், பாக்டீரியாவுக்கு அதுல வர்றது தான் தீனி. அம்மோனியா ஏறி, அது நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாக 4ல இருந்து 6 வாரம் ஆகும். முதல் ரெண்டும் டெஸ்ட் கிட்ல 0 காட்டுனா ரெடி. இடைல பழுப்பு தூசி மாதிரி எல்லாத்து மேலயும் படியும், டயாட்டம் பாசி, தானா போயிடும், பயந்து டேங்க்கை கழுவி வெச்சவங்களை பாத்திருக்கேன்.

5. மீன், பவளம்

தொட்டிலயே பொரிச்ச க்ளவுன் (அதான் நீமோ) ஜோடில ஆரம்பிங்க, மண்டபம் சிஎம்எஃப்ஆர்ஐல (மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம்) இதை பொரிக்க வெச்சு காட்டிட்டாங்க, கடல்ல புடிச்சது தேவையே இல்ல. எந்த மீனா இருந்தாலும் தனி டப்ல 4 வாரம் வைங்க. வெள்ளைப்புள்ளி நோய் வந்தா காப்பர் மருந்து அந்த டப்புக்கு மட்டும், மெயின் டேங்க்ல ஒரு துளி விழுந்தா நத்தையும் பவளமும் காலி.

மூணு மாசம் போனப்புறம் மஷ்ரூம், லெதர், ஜோவாந்திட்னு பவள வகைகளை வெக்கலாம். ஜோவாந்திட்ல பாலிடாக்சின் விஷம் இருக்கலாம், கைக்கு க்ளவுஸும் கண்ணுக்கு கண்ணாடியும் போட்டு தான் தொடணும், அது ஒட்டுன கல்லை சுத்தம் பண்றேன்னு வெந்நீர்ல போட்டுடாதீங்க, அந்த ஆவியே ஆளை ஆஸ்பத்திரில படுக்க வெச்சிடும்.

6. தினசரி வேலை

தண்ணி தான் ஆவியாகும், உப்பு ஆகாது. அதனால தினமும் குறையுறதுக்கு வெறும் ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்துங்க. வாரம் 10 சதவீதம் தண்ணி மாத்தணும். ஸ்கிம்மர் (அழுக்கை நுரையா பிரிச்செடுக்குற கருவி) கப்புல டிகாஷன் கலர்ல ஒண்ணு சேரும், நாத்தம் குடலை புரட்டும், ஆனா அது டேங்க்ல இல்லாம கப்புல இருக்கேன்னு சந்தோஷப்படுங்க. டெஸ்ட் பண்ணா ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 8, 9 டிகேஎச் (அதை அளக்குற அலகு), கால்சியம் 420 பிபிஎம் பக்கம் இருக்கணும். குறைஞ்சிருந்தா ஒரே நாள்ல ஏத்தாதீங்க, ஆல்கலினிட்டி ஒரு நாளைக்கு 1 டிகேஎச்சுக்கு மேல ஏறக்கூடாது. மேக்னட்ல கண்ணாடி தேய்க்கும்போது அடில மணல் மாட்டிருக்கான்னு பாருங்க, ஒரு மணல் போதும் நிரந்தரமா கோடு விழ.

பொங்கலுக்கு ஊருக்கு போறீங்கன்னா தீனி டப்பாவை அப்படியே பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துடாதீங்க, பாசத்துல கொட்டிடுவாங்க. நாளுக்கு ஒண்ணுன்னு பொட்டலம் கட்டி தேதி எழுதி குடுங்க. ஆவியான தண்ணியை தானா நிரப்புற ஆட்டோ டாப்அப் டிரம்ல நாளுக்கு 5 லிட்டர் கணக்குல ஊத்தி வெச்சிட்டு கெளம்புங்க.