சப்பாத்தியை நிறுத்தும் முன் பரிசோதனை: சீலியாக் நோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீராத வயிற்று உப்புசம், அடிக்கடி பேதி, என்ன மாத்திரை சாப்பிட்டாலும் ஏறாத ஹீமோகுளோபின். இப்படி மாதக்கணக்கில் அவதிப்படுகிறவரிடம் யாராவது ஒருவர், "கோதுமையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாரேன்" என்பார். நிறுத்தினால் வயிறு லேசாகும். அப்புறம் எதற்கும் உறுதி செய்துகொள்வோம் என்று ரத்தப் பரிசோதனைக்குப் போவார். முடிவு நெகட்டிவ் என்று வரும். சீலியாக் நோய் இருக்கிறதா இல்லையா என்பதைக் குழப்பிவிட இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

காரணம் இதுதான். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் க்ளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிட்டால், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி அவருடைய சிறுகுடலின் உட்சுவரையே தாக்கும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். அந்தத் தாக்குதலில் உருவாகும் ஆன்டிபாடியைத்தான் ரத்தப் பரிசோதனை தேடுகிறது. க்ளூட்டன் நின்றுவிட்டால் ஆன்டிபாடியும் குறையும், குடலும் ஆற ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் போய்ப் பரிசோதித்தால் நோய் அகப்படாமலே போகலாம்.

அதனால் பரிசோதனை முதலில், பத்தியம் பிறகு. ரத்தப் பரிசோதனை முடிந்து எண்டோஸ்கோபிக்குத் தேதி வாங்கியிருந்தாலும், அந்த நாள் வரை கோதுமையை விடக் கூடாது. ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மறுபடி சாப்பிட வேண்டியிருக்கும். பிரிட்டனின் வழிகாட்டுதல், ஒரு நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை க்ளூட்டன் உள்ள உணவை, குறைந்தது 6 வாரம் சாப்பிடச் சொல்கிறது. அமெரிக்க மருத்துவர்களின் 2013 வழிகாட்டுதலில் தினம் 3 கிராம் க்ளூட்டன், 2 வாரம்; தாங்க முடிந்தால் 8 வாரம் வரை நீட்டிக்கலாம். ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் ஏறக்குறைய 2 கிராம் க்ளூட்டன் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் புரியும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதை வீட்டிலேயே முடிவெடுத்துச் செய்ய வேண்டாம்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. இங்கே யாரும் நிறுத்தச் சொல்லாமலேயே பலர் கோதுமை குறைவாகத்தான் சாப்பிடுகிறார்கள். காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை, வாரத்தில் ஒரு நாள் பூரி என்று இருப்பவரின் ரத்தத்தில் ஆன்டிபாடி தெளிவாகத் தெரியாமல் போகலாம். "சாப்பாடெல்லாம் எப்படி?" என்று மருத்துவர் கேட்டால் "நார்மல்தான் டாக்டர்" என்று முடித்துவிடாதீர்கள். வாரத்தில் எத்தனை நாள், எத்தனை சப்பாத்தி, பிஸ்கட், ரவை, சேமியா என்று சொல்லுங்கள். முடிவை எப்படி எடுத்துக்கொள்வது என்பதே அதை வைத்துத்தான்.

"நாம அரிசி சாப்பிடறவங்க, நமக்கு இதெல்லாம் வராது" என்பதையும் இங்கேயே பேசிவிடலாம். இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளிவந்தது. சீலியாக் ஆன்டிபாடி இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம். ஆனால் இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வடக்கில் 38.1 சதவீதம் பேரிடம், தெற்கில் 36.4 சதவீதம் பேரிடம். கிட்டத்தட்ட ஒன்றுதான். எங்கே பெரிய வித்தியாசம் என்றால் தட்டில்: வடக்கில் ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் கோதுமை சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். ஆக, இங்கே நோய் அரிது என்பது உண்மை. வயிறு உப்பினாலே சீலியாக் என்று பயப்படத் தேவையில்லை. அதேநேரம் சர்க்கரைக்காக ராத்திரிச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியவர்கள், வேலைக்காக டெல்லிக்கோ டொராண்டோவுக்கோ போய் ரொட்டியிலேயே நாளை ஓட்டுகிறவர்கள் விஷயத்தில், தமிழர் என்பதாலேயே இந்தச் சந்தேகத்தை ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து.

பரிசோதனையிலும் அரைகுறையாக நிறுத்திக்கொள்வது நடக்கிறது. முதலில் பார்ப்பது டிடிஜி-ஐஜிஏ (சுருக்கமாக டிடிஜி), மேலே சொன்ன ஆன்டிபாடியைத் தேடும் ரத்தச் சோதனை. சிலருக்கு உடலில் ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகையே மிகக் குறைவாக இருக்கும். அவர்களுக்கு நோய் இருந்தாலும் இந்தச் சோதனை நெகட்டிவ் காட்டும். அதனால் மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மரபணுச் சோதனை பாசிட்டிவ் என்றால் நோய் என்று அர்த்தமில்லை. மேலே சொன்ன கணக்கின்படி நம்மில் மூன்றில் ஒருவருக்கு மேல் பாசிட்டிவ்தான். அந்த மரபணு இல்லை என்று வந்தால் மட்டும் சீலியாக்கைக் கிட்டத்தட்ட ஒதுக்கிவிடலாம். நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தத்தில் 'ஒவ்வாமை' பார்த்துத் தருகிறோம் என்று விற்கப்படும் ஐஜிஜி பட்டியல்களுக்குக் காசைக் கொட்டாதீர்கள். அவற்றை வைத்துச் சீலியாக்கைக் கண்டுபிடிக்க முடியாது.

பெரியவர்களுக்குப் பயாப்சி, அதாவது எண்டோஸ்கோபியில் குடலிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிப்பது, வேண்டும் என்றால் பயந்து தவிர்க்க வேண்டாம். பாதிப்பு திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால் சிறுகுடலின் ஆரம்பப் பகுதியிலிருந்து ஐந்தாறு துணுக்குகள் எடுப்பார்கள். நம் ஊரில் ஜியார்டியா கிருமியும் டிராபிக்கல் ஸ்ப்ரூ என்ற குடல் நோயும்கூடக் குடலுறிஞ்சிகளைத் தேய்த்துவிடும். எனவே ரத்தமும் பயாப்சியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். குழந்தைகளில் மட்டும், டிடிஜி அளவு இயல்பின் மேல் எல்லையைவிட 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இன்னொரு முறை எடுத்த ரத்தத்தில் இஎம்ஏ என்ற இன்னொரு ஆன்டிபாடி சோதனையும் பாசிட்டிவ் ஆனால், பயாப்சி இல்லாமலே முடிவு செய்யலாம் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல்.

"அதான் கோதுமையை விட்டதும் சரியாகிவிட்டதே, பெயர் எதுவாக இருந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. பெயர் முக்கியம். கோதுமை அலர்ஜி என்றால் சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்பும் மூச்சுத் திணறலும் வரலாம். அது அவசர சிகிச்சை சம்பந்தப்பட்டது. சிலருக்குப் பிரச்சினை க்ளூட்டனே இல்லை, கோதுமையில் உள்ள ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து வகை. அது வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. அவர்கள் அளவைக் குறைத்தாலே போதும். சீலியாக் என்றால் வாழ்நாள் முழுக்கத் துளியும் கூடாது. கூடவே பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும். அவர்களில் 100-க்கு ஏழெட்டுப் பேருக்கு நோய் இருக்கலாம்.

சரி, நோய் உறுதியாகிவிட்டது. இட்லி, இடியாப்பம், அடை, புட்டு என்று நம் சமையலில் பாதி ஏற்கெனவே க்ளூட்டன் இல்லாததுதானே என்று நிம்மதி வரும். அது நியாயமான நிம்மதிதான். ஆனால் நம் அடுக்களையில் கோதுமை ஒளிந்திருக்கும் இடங்களைப் பற்றி வெளிநாட்டுப் பட்டியல்கள் பெரும்பாலும் முழுதாகச் சொல்வதில்லை.

முதல் இடம் பெருங்காயம். ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வரும் பிசின் அப்படியே சமையலுக்குப் போட முடியாத அளவு காரமானது. அதனால் மாவும் கோந்தும் கலந்துதான் கட்டியாகவும் தூளாகவும் விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. டப்பாவைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அரிசி மாவு கலந்ததும் கடையில் கிடைக்கிறது, தேடி வாங்க வேண்டும். சாம்பார், ரசம், ஊறுகாய், நீர்மோர், புளியோதரை, அப்பளம் என எல்லாவற்றிலும் பெருங்காயம் போகிறது. ஓட்டலில் சர்வர் "கோதுமையே இல்லை சார், வெறும் இட்லி சாம்பார்" என்று சொல்வது மனதறிந்த பொய்யில்லை. அவருக்கும் இது தெரியாது.

இரண்டாவது, மாவு மில். கேழ்வரகும் கம்பும் இயல்பிலேயே பாதுகாப்பானவை. ஆனால் உங்கள் தூக்கை வைக்கும் அதே மெஷினில் சற்று முன்னால் யாரோ ஐந்து கிலோ கோதுமை அரைத்திருப்பார். மாவு இறங்கும் துணிக் குழாயைத் தட்டினால் வெள்ளையாகக் கொட்டுவது அந்தக் கோதுமைதான். மில்காரர் நல்ல மனதோடு ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டிவிட்டுத் தந்தாலும் மெஷின் சுத்தமாகாது. மிளகாய்த்தூளும் சாம்பார்ப்பொடியும்கூட அப்படித்தான், தனி மெஷின் என்று நிச்சயமாகத் தெரிந்தால் ஒழிய. வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிப்பது சிரமம், ஆனாலும் அதுதான் வழி. இல்லாவிட்டால் க்ளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட். இந்தியாவில் அப்படிப் போட வேண்டுமானால் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக் கூடாது.

சத்துமாவில் பெரும்பாலும் கோதுமை வறுத்துச் சேர்ப்பார்கள். நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் பார்லி கஞ்சி, மால்ட் சேர்த்த பானங்கள், ஃப்ரைடு ரைஸில் ஊற்றும் சோயா சாஸ், ரவா தோசை வார்த்த அதே கல், மைதா போண்டா பொரித்த அதே எண்ணெய், எல்லாமே விலக்கு. 'சிறுதானிய' பிஸ்கட்டிலும் நூடுல்ஸிலும் முதல் பொருளே மைதாவாக இருப்பதைப் பார்க்கலாம்.

"ஒரு வாய்தானே" என்பதுதான் குடும்பங்களில் கடக்க முடியாத இடம். கல்யாணப் பந்தியில் ரவா கேசரி, கோவில் பிரசாதம், பிறந்தநாள் கேக். தினம் 50 மில்லிகிராம் க்ளூட்டனை 3 மாதம் எடுத்துக்கொண்டாலே குடல் பாதிக்கப்படுவதை 2007-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு ரொட்டித் துண்டை நாற்பதாகக் கிள்ளினால் அதில் ஒன்று. வயிறு வலிக்கவில்லை என்பதை வைத்து ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கவும் முடியாது. பலருக்கு வெளியே எதுவுமே தெரியாமல் உள்ளே பாதிப்பு நடக்கும். உபசரிப்பவர்களிடம் "பிடிக்காது", "டயட்" என்றெல்லாம் மழுப்பினால் இன்னும் வற்புறுத்துவார்கள். "அத்தை, இது கொஞ்சம் உள்ளே போனாலும் குடல் புண்ணாயிடும், டாக்டர் கண்டிப்பா வேண்டாம்னுட்டார்" என்று நேராகச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார்கள்.

பத்தியம் ஆரம்பித்த கையோடு மருத்துவரை மறந்துவிடுவது கடைசித் தவறு. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12, வைட்டமின் டி அளவுகளைப் பார்க்க வேண்டும், பெரியவர்களுக்கு எலும்பின் அடர்த்தியும். ஆரம்பத்தில் சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. குடல் ஆறியதும் பெரும்பாலும் சரியாகிவிடும். டிடிஜி அளவை 6 மாதத்திலும் ஒரு வருடத்திலும் திரும்பப் பாருங்கள். பெரியவர்களுக்குக் குடல் முழுதாக ஆற இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம், அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். ஆனால் வருடம் கழித்தும் டிடிஜி இறங்கவே இல்லை என்றால், பெரும்பாலும் எங்கோ க்ளூட்டன் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த சந்திப்புக்குப் போகும்போது பெருங்காய டப்பா, ரசப்பொடி, ஊறுகாய் பாட்டில், இடியாப்ப மாவு, அன்றாடம் சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் உணவியல் நிபுணரின் மேஜையில் வையுங்கள்.