சிங்க்திங்கை விண்டோஸ் சர்வீஸாக ஓட வைப்பது எப்படி?

போனில் எடுத்த படங்களையும் வேலைக் கோப்புகளையும் வேறொருவர் சர்வரில் ஏற்றிவைக்காமல், நம் கருவிகளுக்குள்ளேயே ஒத்திசைக்க சிங்க்திங் அருமையான இலவச மென்பொருள். ஆனால் விண்டோஸில் நாம் லாகின் செய்து அதைத் திறந்தால்தான் ஓடும். கரண்ட் போய் வந்து கணினி தானே ரீஸ்டார்ட் ஆனால், யாராவது பாஸ்வேர்டு போடும்வரை ஒத்திசைவு நின்றே கிடக்கும். யாரும் லாகின் செய்யாவிட்டாலும் விண்டோஸ் பின்னணியில் தானே ஓட்டும் மென்பொருளுக்குத்தான் சர்வீஸ் என்று பெயர். சிங்க்திங்கை அப்படி மாற்றிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

எந்த மென்பொருளையும் அப்படியே சர்வீஸாகப் பதிவுசெய்துவிட முடியாது. விண்டோஸின் சர்வீஸ் மேலாளர் கேட்கும் கேள்விக்கு அந்த மென்பொருள் பதில் சொல்ல வேண்டும். 30 நொடிக்குள் பதில் வராவிட்டால் 1053 என்ற பிழை காட்டி நிறுத்திவிடும். அதனால் என்எஸ்எஸ்எம் என்ற சின்னக் கருவியை நடுவில் வைக்கிறோம். மேலாளருக்கு அது பதில் சொல்லிக்கொள்ளும், சிங்க்திங் பாட்டுக்கு ஓடும்.

இன்னொன்று: விண்டோஸ் விஸ்டா வந்த காலத்திலிருந்து சர்வீஸ்கள் நம் திரையோடு சம்பந்தமில்லாத தனி செஷனில் ஓடுகின்றன, அவற்றின் ஜன்னல் நம் கண்ணுக்குத் தெரியாது. சிங்க்திங்கின் எல்லா அமைப்பும் பிரவுசரில் நடப்பதால் நமக்குச் சிக்கலில்லை. எக்செல் போன்றவற்றை இப்படி ஓட்ட முயலாதீர்கள்.

1. முதலில் கையால் ஓட்டிப் பாருங்கள்

சி டிரைவில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, சிங்க்திங்கை அதில் பிரித்து வையுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே விட்டால் ஒருநாள் சுத்தம் செய்யும்போது போய்விடும். டபுள் கிளிக் செய்து திறந்து, ஃபயர்வால் கேட்கும்போது பிரைவேட் நெட்வொர்க்குக்கு அனுமதி கொடுங்கள். சர்வீஸாக ஓடும்போது இந்தக் கேள்வி உங்கள் திரைக்கு வராது. பிரவுசரில் 127.0.0.1:8384 திறந்து, பாஸ்வேர்டு வைத்து, போனை இணைத்து, ஒரு கோப்பு போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் ஆக்‌ஷன்ஸ் மெனுவில் ஷட்டவுன் கொடுத்து நிறுத்துங்கள்.

2. என்எஸ்எஸ்எம்

அதன் 2.24 பதிப்பு 2014-இல் வந்தது. விண்டோஸ் 10, 11-க்கு அதன் பிறகு வந்த 2.24-101 பதிப்பை எடுங்கள். பழையதில் சில சமயம் சர்வீஸ் தொடங்காது. 64 பிட் ஃபோல்டரில் இருக்கும் கோப்பை சிங்க்திங் பக்கத்திலேயே வையுங்கள்.

ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு அந்தக் கோப்பில் ரைட் கிளிக் செய்து 'காப்பி ஆஸ் பாத்' கொடுங்கள். கமாண்ட் பிராம்ப்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' முறையில் திறந்து அதை பேஸ்ட் செய்து, இடைவெளி விட்டு இன்ஸ்டால், மறுபடி இடைவெளி விட்டு சிங்க்திங் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு ஜன்னல் திறக்கும். முதல் டேபில் பாத் என்ற இடத்தில் சிங்க்திங் கோப்பைக் காட்டுங்கள், மற்றதை அதுவே நிரப்பும். ஆர்க்யுமென்ட்ஸ் பெட்டியில் இரண்டு சிறுகோடு, நோ, ஒரு சிறுகோடு, பிரவுசர் என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

3. யார் பெயரில் ஓடுகிறது?

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான், அவசரப்படாமல் செய்யுங்கள். 'லாக் ஆன்' டேபைத் தொடாமல் விட்டால் சர்வீஸ் லோக்கல் சிஸ்டம் என்ற கணக்கில் ஓடும். சிங்க்திங்கோ தன் அமைப்புகளை ஓட்டுபவரின் ஆப்டேட்டா ஃபோல்டரில் வைக்கிறது. கணக்கு மாறினால் அந்த ஃபோல்டரும் மாறும். நீங்கள் இணைத்த போன், பகிர்ந்த ஃபோல்டர் ஒன்றும் இல்லாமல், புது டிவைஸ் ஐடியோடு (கருவிகளை அடையாளம் காண சிங்க்திங் பயன்படுத்தும் குறியீடு) வெறுமையாக எழுந்து நிற்கும். எல்லாம் அழிந்துவிட்டதோ என்று பதறுவார்கள். பழையது அதன் இடத்தில் பத்திரமாகவே இருக்கும்.

எனவே 'திஸ் அக்கவுன்ட்' தேர்ந்தெடுத்து உங்கள் கணக்கைக் கொடுங்கள். பெயர் தெரியாவிட்டால், சாதாரண கமாண்ட் பிராம்ப்டில் ஹூ ஆம் ஐ என்ற மூன்று சொற்களையும் சேர்த்து ஆங்கிலத்தில் அடித்தால் வரும். பாஸ்வேர்டு இடத்தில் பின் நம்பர் செல்லாது, முழு பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கென்றால் முதலில் ஒன்று வையுங்கள்.

4. மிச்ச டேபுகள்

டீடெய்ல்ஸில் 'ஆட்டோமேட்டிக், டிலேய்டு ஸ்டார்ட்' வையுங்கள், நெட்வொர்க் எழுந்த பிறகு தொடங்கும். ஷட்டவுன் டேபில் காத்திருக்கும் நேரம் 1500 மில்லிசெகண்ட் என்று இருக்கும்; டேட்டாபேஸை ஒழுங்காக மூட அது போதாது, 10000 ஆக்குங்கள். அப்புறம் 'இன்ஸ்டால் சர்வீஸ்'.

5. சோதனை

சர்வீசஸ் ஜன்னலில் சிங்க்திங்கைத் தேடி ஸ்டார்ட் கொடுங்கள். 'பாஸ்டு' என்று காட்டினால், தொடங்கிய உடனே அது திரும்பத் திரும்ப விழுகிறது என்று பொருள். பெரும்பாலும் கையால் திறந்த சிங்க்திங் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். 1069 பிழை வந்தால் பாஸ்வேர்டு தவறு. பிற்பாடு பாஸ்வேர்டை மாற்றினாலும் இதே பிழை வரும், சர்வீஸின் 'லாக் ஆன்' பகுதியிலும் புதியதைக் கொடுக்க வேண்டும்.

கணினியை ரீஸ்டார்ட் செய்து, லாகின் செய்யாமல் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். போனில் சிங்க்திங்கைத் திறந்தால் கணினி இணைந்திருப்பதாகக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் பவர் செட்டிங்ஸைப் பாருங்கள், ஸ்லீப்புக்குப் போன கணினியில் எந்த சர்வீஸும் ஓடாது.