பலகாரப் பாக்கிங்கில் ரிப்பன் பிரிண்டர்: கை சுடாமல், ஹெட் கெடாமல்

எங்கள் பலகாரக் கம்பெனி காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் நடக்கிறது. இரண்டாம் கட்டில், அதாவது வீட்டின் இரண்டாம் பகுதியில், அடுப்பு; அதை ஒட்டிய அறையில் பாக்கிங். தேன்குழலும் சீப்புச் சீடையும் ஆறி வந்ததும் எடை போட்டு, பையை ஒட்டி, லேபிள் போடுவது எங்கள் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் எண்ணெய்ச் சட்டிக்குத் தானாகவே பயப்படுகிறார்கள். மேசைமேல் இருக்கிற லேபிள் பிரிண்டருக்கு யாரும் பயப்படுவதில்லை. சின்னப் பெட்டிதானே என்று மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அது எப்படி அச்சடிக்கிறது என்று தெரிந்தால் பாதி கவனம் தானாக வந்துவிடும். ரிப்பன் என்பது மெல்லிய பாலியெஸ்டர் படலம். அதன் ஒரு பக்கத்தில் மெழுகோ ரெசினோ (பிசின் போன்ற பொருள்) கலந்த கறுப்பு மை பூசியிருக்கும். ரிப்பனை லேபிளோடு அழுத்தி அச்சடிக்கும் பாகம்தான் ஹெட். அதன் ஓரத்தில் சூடேறும் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டர் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. நாலு அங்குல ஹெட்டில் வழக்கமாக 832. எந்தப் புள்ளி சூடாகிறதோ அந்த இடத்து மை உருகி லேபிளில் ஒட்டுகிறது. ஆக, அங்கே நடப்பது முழுக்கச் சூட்டு வேலை. தீபாவளி ஆர்டருக்கு லேபிள் விடாமல் ஓடியிருக்கும்போது மூடியைத் திறந்தால், அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுவதுபோல ஹெட்டும் அதைத் தாங்கும் உலோகமும் சுடும். ரிப்பன் மாற்றும்போது ஓட்டத்தை நிறுத்திவிட்டு, ஹெட்டைத் தொடாமல் மாற்றுங்கள். துடைக்கவோ சிக்கிய லேபிளை எடுக்கவோ வேண்டுமானால் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வண்டி வாசலில் நிற்கிறது என்பதெல்லாம் இதற்குக் காரணமாகாது.

லேபிளை நகர்த்தும் ரோலரும் ரிப்பன் சுற்றும் தண்டும் இன்னொரு ஆபத்து. சில பெரிய பிரிண்டர்களில் பக்கக் கதவு திறந்திருந்தாலும் அவை சுற்றும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்ளுங்கள், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றி வையுங்கள். மூடி திறந்தால் ஓட்டத்தை நிறுத்தும் சென்சாரை டேப் ஒட்டி ஏமாற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த டேப்பை எங்கே பார்த்தாலும் உடனே பிய்த்துப் போடுங்கள். மோதிரம், வளையல் வேறு: ஹெட்டில் ஒரு கீறல் விழுந்தாலே புள்ளி போய்விடும்.

பழைய வீடுகளில் தொழில் நடத்துபவர்கள் ஒயரிங்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் பல பிளக் பாயிண்டுகளுக்கு எர்த்தே இருக்காது. மூன்று கால் பிளக்கை இரண்டு துளையில் நுழைப்பதற்காக நடுக்காலை உடைக்கிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. ரிப்பன் உரிந்து ஓடும்போது நிலைமின்சாரம் சேரும். எர்த் இல்லாவிட்டால் அது போக வழியில்லாமல், தொடுகிற கையிலோ ஹெட்டிலோ பாயும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சோதித்த பிறகே பிரிண்டரை வையுங்கள். பை ஒட்டும் சீலரையும் இதையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகாதீர்கள். முற்றத்தை ஒட்டியும் வேண்டாம். மழைச் சாரல் அடிக்கும். மாவு சலிக்கும் இடமும் வேண்டாம். மாவுத்தூள் ஹெட்டில் படிந்து கருகிப்போகும்.

இனி நான் அதிகம் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஹெட்டைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு ரிப்பன் சுருள் முடியும்போதும் துடைப்பது நல்லது. ஆனால் அந்தத் திரவத்தின் ஆவி ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும். காரைக்குடியில் மார்கழி விடியற்காலையில்கூட அவ்வளவு குளிர் கிடையாது. அதாவது பாட்டிலைத் திறந்த எந்த நேரத்திலும் அது தீப்பிடிக்கத் தயாராக இருக்கிறது. ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு நகரும். பக்கத்து அறையில் விறகடுப்பு எரிகிறது என்றால் யோசித்துப் பாருங்கள். எங்கள் இடத்தில் அடுப்பு அணைந்த பிறகோ, அடுப்புப் பக்கத்துக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்துவிட்டோதான் துடைப்போம். பஞ்சுக்குச்சியில் சில சொட்டு போதும். பாட்டிலை உடனே மூடிவிட வேண்டும். ஹெட்டின் நீளவாக்கில் ஒரே திசையில் மெதுவாகத் துடையுங்கள். முழுதும் காய்ந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். ரோலரில் ஒட்டிய லேபிளைக் கத்தி, பிளேடு கொண்டு சுரண்டாதீர்கள். ரோலரைக் கையால் உருட்டி, நகம் படாமல் உரித்தால் வந்துவிடும்.

எழுத்து மங்கினால் எல்லோரும் முதலில் சூட்டு அளவைக் கூட்டுகிறார்கள். முதலில் துடையுங்கள். லேபிள் வெளிவரும் திசையில் மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்தால் அது அழுக்காகவோ செத்த புள்ளியாகவோ இருக்கும். சூடு அதைச் சரிசெய்யாது. தேவைக்கு மேல் சூடு கூட்டினால் ரிப்பன் அறுந்து ஹெட்டில் ஒட்டும், ஹெட்டின் ஆயுளும் குறையும். ரிப்பன் எப்போதும் லேபிளைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் லேபிள் ஓரம் ஹெட்டை நேராக உரசித் தேய்த்துவிடும்.

பலகாரத்துக்கு வெறும் மெழுகு ரிப்பன் எனக்குச் சம்மதமில்லை. எண்ணெய்க் கை பட்டால் தயாரித்த தேதி இழுபட்டுப்போகும். விலையும் தேதியும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைவிட, அதிரசத்தை வாங்கும் வீட்டில் குழந்தை இருக்கும். மெழுகும் ரெசினும் கலந்த ரிப்பனுக்குச் சற்றுச் செலவு கூடும், சூடும் கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டும். பரவாயில்லை. சுருள் மாற்றியதும் முதல் லேபிளை எடுத்து, எண்ணெய் தொட்ட விரலால் தேய்த்துப் பாருங்கள். ரிப்பனைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பலகாரத்தைத் தொடக் கூடாது.

சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், ஐஸ், மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

லேபிள் உரித்த பின்தாள் வழவழப்பானது. பளபளக்கும் ஆத்தங்குடிக் கல் தரையில் அது கிடந்தால் எண்ணெய்த் தட்டோடு வருபவர் வழுக்கி விழுவார். மேசைக்குக் கீழே அதற்கென்றே ஒரு கூடை வையுங்கள். தீர்ந்த ரிப்பனை அடுப்பில் போட்டு எரிக்காதீர்கள். அது பிளாஸ்டிக், அந்தப் புகை பலகாரத்துக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது. வெளிச்சத்தில் பிடித்தால் அச்சடித்த எழுத்தெல்லாம் அதில் படிக்க வரும். வாடிக்கையாளர் முகவரி அடித்த ரிப்பனாக இருந்தால் துண்டுதுண்டாக வெட்டி, தனிப் பையில் கட்டிக் குப்பைக்காரரிடம் கொடுங்கள்.