ஆபீஸ்ல எல்லாருக்கும் இடம் இருக்கணும்னா எங்க இருந்து ஆரம்பிக்கணும்

டைவர்சிட்டின்னு பேச்சு வந்தாலே நிறைய கம்பெனில முதல்ல நடக்கறது ஒரு போஸ்டர், ஒரு நாள் டிரெய்னிங், ஒரு குரூப் போட்டோ. டிரெய்னிங் வேணாம்னு சொல்லல, அதுலேர்ந்து ஆரம்பிக்காதீங்கன்னுதான் சொல்றேன். ஃப்ராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா கலேவ்னு ரெண்டு சமூகவியல் ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க கம்பெனிகளோட பல வருஷத்து டேட்டாவ வச்சு பாத்தாங்க, கட்டாயப்படுத்தி உக்கார வச்ச டிரெய்னிங்கால மேனேஜர் லெவல்ல இருக்கற பெண்கள், சிறுபான்மையினர் எண்ணிக்கைல பெருசா எந்த மாற்றமும் வரல, அவங்கள்ல சில பிரிவினரோட எண்ணிக்கை குறையவே செஞ்சுது. மென்டரிங் (அனுபவம் உள்ள ஒருத்தர் கூட இருந்து வழிகாட்டறது) மாதிரி விஷயங்கள்தான் கொஞ்சம் கை குடுத்துச்சு.

அப்ப என்னதான் பண்றது? உங்க ஆபீஸ்ல "எனக்கு மனசுக்கு பட்டுச்சு"ன்னு சொல்லி முடிவெடுக்கற இடம் எங்கெல்லாம் இருக்குன்னு தேடுங்க. பாகுபாடு உள்ள நுழையற வழியே அதுதான், அங்கெல்லாம் எழுத்துல ஒரு முறைய கொண்டு வந்துடுங்க.

முதல் இடம் ஆள் எடுக்கறது. 2004-ல வெளியான ஒரு ஆய்வு, பாஸ்டன்லயும் சிகாகோலயும் இருக்கற வேலைகளுக்கு கற்பனை ரெஸ்யூம் அனுப்பி பாத்தது, தகுதியெல்லாம் ஒரே மாதிரி, பேரு மட்டும்தான் வேற. கறுப்பினத்தவங்க பேரு மாதிரி இருந்தத விட வெள்ளைக்காரங்க பேரு மாதிரி இருந்ததுக்கு கிட்டத்தட்ட 50 சதவீதம் அதிகமா அழைப்பு வந்துச்சு. அதனால முதல் ரவுண்டுல பேரு, போட்டோ, வயசு, முடிஞ்சா காலேஜ் பேரையும் மறைச்சிடுங்க. விளம்பரத்துல அந்த வேலைக்கு நிஜமா தேவையில்லாத தகுதிய எடுத்துடுங்க. இன்டர்வியூல எல்லாருக்கும் ஒரே கேள்வி, எந்த பதிலுக்கு எவ்ளோ மார்க்னு முன்னாடியே எழுதி வச்சிருக்கணும், ஒவ்வொருத்தரும் தனித்தனியா மார்க் போட்டு முடிச்சப்புறம்தான் பேசணும், இல்லன்னா ரூம்ல பெரிய பதவில இருக்கறவர் என்ன நினைக்கறாரோ அதுவே எல்லாரோட கருத்தா மாறிடும். "நம்ம டீமுக்கு செட் ஆக மாட்டாங்க"ன்னு யாராவது சொன்னா எதுலன்னு கேளுங்க, பாதி நேரம் பதில் வராது.

இதையெல்லாம் சாஃப்ட்வேர் பாத்துக்கும்னு விட்டுடாதீங்க. அமேசான் உருவாக்கி பாத்த ஒரு டூல், பழைய ரெஸ்யூம்கள்ல படிச்சு, பெண்கள் சம்பந்தப்பட்ட வார்த்தை இருந்தாலே மார்க் குறைச்சிடுச்சுன்னு 2018-ல செய்தி வந்துச்சு, அத அவங்களே கைவிட்டுட்டாங்க.

ஆள் சேந்தப்புறம்தான் நிஜ வேலையே. யாருக்கும் தெரியாம பாகுபாடு நடக்கறது வேலைய பிரிச்சு குடுக்கறதுலதான், மீட்டிங் நோட்ஸ் எடுக்கறது, பர்த்டே கேக் ஆர்டர் பண்றது, புதுசா வந்தவங்கள சுத்தி காட்டறது, இதெல்லாம் திரும்ப திரும்ப யார் தலைல விழுதுன்னு ஒரு மாசம் குறிச்சு வச்சு பாருங்க. "அவங்க பண்ணாதான் நல்லா இருக்கும்"னு பாராட்டற மாதிரி சொல்லியே தள்ளி விடுவாங்க (பதவி உயர்வு லிஸ்ட் வரும்போது மட்டும் அந்த பாராட்டு காணாம போயிடும்!). முறை வச்சு மாத்துங்க. பெரிய கிளையன்ட், புது ப்ராஜெக்ட் மாதிரி பேரு கிடைக்கற வேலை யாருக்கு போச்சுன்னும் அதே மாதிரி எழுதி வைங்க.

சம்பளத்துக்கு ஒவ்வொரு பதவிக்கும் குறைஞ்சது இவ்ளோ, அதிகபட்சம் இவ்ளோன்னு வச்சிடுங்க, பேரம் பேச தெரிஞ்சவங்களுக்கு மட்டும் அதிகம்னு ஆகக்கூடாது. மீட்டிங்னா என்ன பேசப்போறோம்னு முந்தின நாளே அனுப்புங்க, சட்டுனு பேச வராதவங்களும் யோசிச்சுட்டு வருவாங்க. மீட்டிங்ல பேசற மொழி சரளமா வராதவங்களுக்கும் அது உதவும்.

மாற்றுத்திறனாளி ஊழியர் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்ங்கறது தப்பு. நிறைய குறைபாடு வெளில தெரியவே தெரியாது, அதனால ஆளப் பாத்து முடிவு பண்ணாம, சேர்ற எல்லார்கிட்டயும் "வேலை பாக்க என்ன வசதி வேணும்?"னு ஒரே கேள்விய கேளுங்க. ராம்ப், டாய்லெட் எல்லாம் கண்ணுக்கு தெரியும், தெரியாதது ஃபைல்ல இருக்கு. ஸ்கேன் பண்ணி அப்படியே போட்ட பிடிஎஃப் வெறும் படம்தான், பார்வை இல்லாதவங்களுக்கு திரைல இருக்கறத வாசிச்சு காட்டற ஸ்கிரீன் ரீடரால அத அப்படியே படிக்க முடியாது. சிவப்பு, பச்சை கலர் மட்டும் வச்சு ஸ்டேட்டஸ் காட்டினா நிறக்குருடு இருக்கறவங்களுக்கு குழப்பம், பக்கத்துல வார்த்தையும் போடுங்க. சாதாரண சைஸ் எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) குறைஞ்சது 4.5:1 இருக்கணும்ங்கறதுதான் வெப் அணுகல் வழிகாட்டி சொல்ற அளவு.

புகார் விஷயத்துல ஒரு வழி மட்டும் வைக்காதீங்க, புகாரே மேனேஜர் மேலன்னா எங்க போவாங்க? ரெண்டு வழியாவது இருக்கணும், எத்தன நாளுக்குள்ள பதில்னு எழுதி இருக்கணும், புகார் குடுத்தவங்கள டீம் மாத்தி அனுப்பறது தண்டனை மாதிரிதான். சர்வதேச தொழிலாளர் அமைப்போட 2019-ம் வருஷத்து 190-வது உடன்படிக்கை, வேலையிடத்துல நடக்கற வன்முறை, தொல்லைக்கு எதிரானது, வேலைக்கு விண்ணப்பிச்சவங்க, பயிற்சில இருக்கறவங்களையும் சேத்துதான் பாதுகாப்பு சொல்லுது, உங்க பாலிசிலயும் அவங்க இருக்காங்களான்னு பாருங்க.

கடைசியா கணக்கு. மொத்தம் எத்தன பேருன்னு மட்டும் பாக்காம விண்ணப்பம், இன்டர்வியூ, சேர்ந்தது, பதவி உயர்வு, வேலைய விட்டதுன்னு ஒவ்வொரு கட்டத்துலயும் யாரு குறையறாங்கன்னு பாருங்க. சர்வே எடுத்தா சின்ன டீம் ரிசல்ட்ட தனியா பிரிச்சு போடாதீங்க, நாலு பேர் டீம்ல ஒரே ஒரு பெண் இருந்தா அது யாரு எழுதினதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும், அடுத்த தடவ அவங்க எல்லாத்துக்கும் "நல்லாருக்கு"ன்னு டிக் பண்ணிட்டு போயிடுவாங்க.