வீட்டு ஹாலுக்கு ஹார்ன் ஸ்பீக்கர்: எதை வாங்குவது, எப்படி வைப்பது

ஹார்ன் என்றதும் நம் ஊரில் கண்முன் வருவது கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர்தான். பேச்சு தெளிவாகத் தூரம் போகவேண்டும் என்று செய்த சாமான் அது. கீழ் ஸ்வரங்கள் அதில் வரவே வராது. அதைக் கேட்டுவிட்டு ‘ஹார்ன் என்றால் கத்தும்’ என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். வீட்டு ஹார்னிலும் தத்துவம் அதேதான்: சின்ன டயஃப்ரத்தின் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகட்டின்) அசைவை, படிப்படியாக விரியும் வாய் வழியே காற்றுக்குக் கைமாற்றுவது. அதனால் சத்தம் கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குள் அதைவிடப் பெரிய லாபம், ஒலி எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் போகக்கூடாது என்பதை ஹார்ன் தீர்மானிப்பது. டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை என்று நாலாபக்கமும் திருப்பி அடிக்கிற ஹாலுக்கு இது பெரிய உதவி. ஸ்பீக்கரைச் சரியான கோணத்தில் திருப்பத் தெரிந்தால்தான் அந்த உதவி கிடைக்கும்.

1. கடைக்குப் போகுமுன் டேப் எடுங்கள்

அறையின் நீளம், அகலம், உயரம், சோஃபாவிலிருந்து ஸ்பீக்கர் வரப்போகும் இடத்துக்குத் தூரம், உட்கார்ந்தால் தரையிலிருந்து காது வரை உயரம் (பெரும்பாலும் 36 முதல் 38 இன்ச்) ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். இங்கே உதாரணத்துக்கு 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஹாலை எடுத்துக்கொள்வோம்.

15 இன்ச் வூஃபரும் (கீழ் ஸ்வரங்களுக்கான பெரிய ஸ்பீக்கர்) அதன் மேல் ஹார்னும் உள்ள பெட்டிக்குக் குறைந்தது 8 அடி தள்ளி உட்கார வேண்டும். கிட்டே உட்கார்ந்தால் குரல் மேலிருந்தும் அதன் கனம் கீழிருந்தும் தனித்தனியாகக் கேட்கும். 10க்கு 10 அறை என்றால் 8 இன்ச் வூஃபர் உள்ள சிறிய பெட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கிளிப்ஷ்ஹார்ன் மாதிரி மூலை ஸ்பீக்கர்மேல் ஆசை இருக்கலாம். 1946 முதல் விற்பனையில் இருக்கும் மாடல் அது. அறையின் இரண்டு சுவர்களையே பேஸ் (கீழ் ஸ்வர) ஹார்னின் நீட்சியாகப் பயன்படுத்துகிறது. அதற்கு ஒரே சுவரின் இரண்டு மூலைகளும் காலியாக வேண்டும். நம் ஹாலில் ஒரு மூலையில் வாசற்கதவு, மறு மூலையில் ஷெல்ஃப். ஆசையை மறந்துவிடலாம்.

2. வாங்கும்போது பார்க்கவேண்டிய எண்கள்

முதலில் ஹார்ன் வாயின் அகலம். பத்து லட்சத்தை, ஹார்னின் பரவல் கோணத்தாலும் (ஒலி பக்கவாட்டில் விரியும் டிகிரி) வாயின் அகலத்தாலும் (இன்ச்சில்) வகுத்தால் ஒரு எண் வரும். 90 டிகிரி, 12 இன்ச் வாய் என்றால் சுமார் 925 ஹெர்ட்ஸ். அதற்கு மேலேதான் ஹார்ன் சொன்ன பேச்சைக் கேட்கும். கீழே ஒலி இஷ்டத்துக்குப் பரவும். கிராஸ்ஓவர் (வூஃபர் விட்டு ஹார்ன் தொடங்கும் இடம்) இந்த எண்ணுக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். 7 இன்ச் வாயுள்ள ஹார்னை 1,200 ஹெர்ட்ஸில் வெட்டியிருந்தால் (அதன் எல்லை சுமார் 1,590) பெயருக்குத்தான் ஹார்ன்.

அடுத்து சென்சிடிவிட்டி, அதாவது ஒரே அளவு மின்சக்திக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பது (டெசிபலில்). 99 டெசிபல் ஸ்பீக்கருக்கு 8 வாட்ஸ் கொடுத்தால் வருகிற சத்தத்தை 87 டெசிபல் ஸ்பீக்கரில் எடுக்க சுமார் 128 வாட்ஸ் வேண்டும். 12 டெசிபல் வித்தியாசம் என்றால் 16 மடங்கு. எனவே 200 வாட்ஸ் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) தேடி அலையாதீர்கள். பணத்தை இரைச்சல் இல்லாத ஆம்ப்பில் போடுங்கள், ஏனென்றால் ஆம்ப்பின் ‘ஸ்ஸ்’ சத்தத்தையும் ஹார்ன் அதே 16 மடங்கு தூக்கிக் காட்டும். பாட்டை நிறுத்திவிட்டு, வழக்கமான வால்யூமில் சோஃபா தூரத்தில் நின்று கேளுங்கள். அங்கேயே இரைச்சல் கேட்டால் அந்த ஜோடி ஒத்துவராது. ‘ம்ம்ம்’ என்று உறுமினால் சந்தேகம் எர்த் மேல் போகவேண்டும்: செட்டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் அதோடு நின்றுவிடும்.

மூன்றாவதற்கு எண் கிடையாது. ஹார்னை விரல் முட்டியால் தட்டுங்கள். ‘டங்’ என்று இழுத்தால், அந்த இழுப்பு பாட்டிலும் வரும். ‘டொக்’ என்று சட்டென அடங்க வேண்டும்.

3. முதல் இடம்

12 அடிச் சுவர்ப்பக்கம் இரண்டு பெட்டிகளையும் வையுங்கள். நடுவிலிருந்து நடுவுக்கு 7 அடி. அப்போது பக்கச் சுவருக்கு இரண்டரை அடி மிஞ்சும். பெட்டியின் முகம் பின்சுவரிலிருந்து 3 அடி. அங்கிருந்து ஒன்பதரை அடியில் உங்கள் தலை. தலைக்குப் பின்னால் மூன்றரை அடி காலியாக இருக்கும். சோஃபாவைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள்: 16 அடி நீளத்துக்கு 35 ஹெர்ட்ஸ் அருகே எழும் குமுறல் சுவரோரத்தில்தான் உச்சத்தில் இருக்கும்.

ஹார்னின் நடு, காது உயரத்தில் இருக்கட்டும். பெட்டி குட்டையானால் ஸ்டாண்டு போடுங்கள், அல்லது முன்பக்கத்தைத் தூக்கிச் சாய்த்து வையுங்கள்.

4. திருப்புவது

பெரும்பாலோர் பெட்டியைச் சுவருக்கு இணையாக, அலமாரி வைப்பதுபோல வைத்துவிட்டு ‘கூர்மையாக இருக்கிறது’ என்று குறை சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி, பக்கச் சுவரில் பட்டு உங்கள் காதுக்கு வரும் ஒலி, நேர்க்கோட்டிலிருந்து 42 டிகிரி வெளிப்பக்கம் கிளம்புகிறது. 90 டிகிரி ஹார்ன் என்றால் பக்கத்துக்கு 45. ஆக அந்த ஒலி முழுக்க ஹார்னின் வீச்சுக்குள் இருக்கிறது. சுவர் அதை அப்படியே உங்கள் மேல் எறிகிறது. இப்போது பெட்டியை 25 டிகிரி உள்ளே திருப்புங்கள். சுவர்ப்பக்கக் கோணம் 67 டிகிரி ஆகிவிடும். வீச்சுக்கு வெளியே போய்விட்டதால் சுவருக்குப் போகும் ஒலியே குறைகிறது.

25 டிகிரியை அளக்கப் பாகைமானி வேண்டாம். சோஃபாவில் தலை வரும் இடத்துக்கு 2 அடி முன்னால் ஒரு ஸ்டூலைப் போடுங்கள். ஹார்னின் நடுவிலிருந்து ஒரு நூலை ஸ்டூலுக்கு இழுத்து, முகப்புப் பலகைக்குச் செங்குத்தாக அது வரும்வரை பெட்டியைத் திருப்புங்கள். மறு பெட்டிக்கும் இப்படியே. ஸ்டூலை எடுத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தால், 16 இன்ச் அகலப் பெட்டியின் வெளிப்பக்கப் பலகை ஒரு கீற்று தெரியும். கொஞ்சமும் தெரியாவிட்டால் இன்னும் திருப்பவேண்டும்.

முகத்துக்கு நேராகத் திருப்பாமல் ஏன் முன்னாலேயே குறுக்கிட வைக்கிறோம்? சோஃபாவின் இடது ஓரத்தில் உட்காருபவருக்கும் சேர்த்துத்தான். அவர் இடது ஸ்பீக்கருக்குக் கிட்டே இருக்கிறார், ஆனால் அதன் நேர்முகத்திலிருந்து விலகியிருக்கிறார். தூரத்து வலது ஸ்பீக்கரோ அவரை நேராகப் பார்க்கிறது. ஒன்று கிட்ட இருந்து மெதுவாக, மற்றது தள்ளி இருந்து பலமாக. பாடகர் நடுவிலேயே நிற்பார். சாதாரண டோம் ட்வீட்டரில் (ஹார்ன் இல்லாமல் உச்சஸ்தாயி தரும் குட்டி ஸ்பீக்கர்) இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது.

5. கேட்டுச் சரிசெய்வது

பாட்டுக்கு முன் பேச்சு. வானொலிச் செய்தியை மோனோவில் (இரு பெட்டிகளிலும் ஒரே ஒலி வரும்படி) போடுங்கள். குரல் இரு பெட்டிகளுக்கும் நடுவே, ஒரு தலை அளவில் நிற்கவேண்டும். அறை முழுக்கக் கலைந்து, பேஸும் மெலிந்திருந்தால் ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு வயர்கள் மாறியிருக்கின்றன.

குரல் மூக்கால் பேசுவதுபோலவோ ‘ச’, ‘ஸ’ குத்துவதாகவோ இருந்தால் ஹார்னின் லெவலைப் பாருங்கள். கம்ப்ரஷன் டிரைவர் (ஹார்னுக்குப் பின்னால் ஒலி எழுப்பும் பகுதி) 108 டெசிபல், வூஃபர் 97 என்றால் 11 டெசிபலைக் குறைத்தாக வேண்டும். அதற்குத்தான் பின்னால் எல்-பேட் குமிழ் (ஹார்னின் சத்தத்தை மட்டும் குறைப்பது). முழுக்கக் குறைத்துவிட்டு, குரலுக்குத் தெளிவு வரும்வரை கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றுங்கள். ‘ஆஹா’ என்று தோன்றும் இடத்திலிருந்து ஒரு துளி பின்வாங்குங்கள். அரைமணி நேரத்தில் காது உங்களுக்கு நன்றி சொல்லும். தனித்தனி ஆம்ப் வைத்து ஆக்டிவ் கிராஸ்ஓவர் (ஆம்ப்புக்கு முன்னாலேயே ஒலியைப் பிரிப்பது) போடுபவர்கள் 8 ஓம் டிரைவருக்குத் தொடராக ஒரு 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை மறக்காதீர்கள். ஆம்ப் ஸ்விட்சைப் போடும்போது வரும் ‘டப்’ ஒன்றே டயஃப்ரத்தைக் கிழிக்கப் போதும்.

ஆண் குரலில் அடிப்பகுதி காணாமல் போனால் அது பின்சுவரின் வேலை. சுவருக்கும் பெட்டி முகத்துக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் எடுத்து, 86-ஐ அதனால் வகுங்கள். 3 அடிக்கு 95 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழும். பெட்டியை 3 இன்ச் 3 இன்ச்சாகப் பின்னால் தள்ளினால் பள்ளம் மேலே நகரும், பேஸும் கூடும். கூடிப்போய்க் குமுறத் தொடங்கினால் ஒரு படி முன்னால் வாருங்கள்.

கைதட்டினால் இன்னும் ‘டிர்ர்’ என்று கேட்கிறதா? பெட்டிக்கு முன்னால் சுமார் 3 அடியில், பக்கச் சுவரில் 2 இன்ச் கனமுள்ள ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் பஞ்சு) பேனல் ஒன்று, தரையில் கனமான கம்பளம். மெல்லிய ஜமுக்காளம் உச்சஸ்தாயியை மட்டும்தான் தின்னும்.

எல்லாம் அமைந்ததும் பெட்டிகளின் நான்கு மூலைகளையும் தரையில் மாஸ்கிங் டேப்பால் குறித்துவிடுங்கள். அடுத்த முறை வீடு துடைக்கும்போது யாராவது நகர்த்தத்தான் செய்வார்கள்.